நீர்க்கடுப்புக்கு என்ன கோடு?

இன்னைக்குப் பேசப்போற விஷயத்தை வீட்டு ஹால்ல சத்தமா வெச்சுக் கேட்க சிலருக்குக் கூச்சமா இருக்கலாம். ஹெட்போன் மாட்டிக்கோங்க. ஒண்ணுக்குப் போறப்போ வர்ற எரிச்சலைப் பத்திப் பேசப்போறேன். அந்த எரிச்சலுக்குக் காரணம் தெரியலைன்னா, ஃபைல்ல என்ன எழுதணும்?

நான் சென்னையில மெடிக்கல் கோடர். டாக்டர் எழுதின குறிப்பைப் படிச்சு, ஐசிடி பட்டியல்ல இருந்து நோய்க்கு உரிய எண்ணைப் போடுறதுதான் வேலை. எங்களுக்கு வர்றது அமெரிக்க ஃபைல்கள். இந்த வேலையில சேர்ந்ததும் சொல்லிக்கொடுத்த ஒரு விதி உண்டு. புற நோயாளி ஃபைல்ல டாக்டர் 'இருக்கலாம்', 'சந்தேகம்'னு எழுதியிருந்தா, அந்த நோய்க்கு எண் போடக்கூடாது. உறுதியா தெரிஞ்சது அறிகுறி மட்டும்தான்னா, அறிகுறிக்குத்தான் எண்.

சிறுநீர்த் தொற்று, அதாவது யூடிஐக்கு எண் என் 39.0. வெறும் எரிச்சலுக்கு ஆர் 30.0. ஆர்ல தொடங்குற அந்த அத்தியாயமே அறிகுறிகளுக்கானது. இது ரெண்டும் இல்லாம என் 34.3ன்னு ஒண்ணு இருக்கு. யூரித்ரல் சிண்ட்ரோம். சிறுநீர் வெளியேறும் குழாய்ல தொந்தரவு தொடருது, ஆனா என்ன வகைன்னு குறிப்பிட முடியலைன்னு அர்த்தம். தெரியாததுக்கும் ஒரு எண் வெச்சிருக்காங்க.

இதையெல்லாம் தினமும் பார்க்கிற நான், சொந்த வீட்டுல என்ன செஞ்சேன்னு சொல்றேன்.

என் ஊர் எழுமலை, உசிலம்பட்டி பக்கம். அம்மா போன்ல அப்பப்போ சொல்லும், "தாயி, நீர்க்கடுப்பு மறுபடி வந்திருச்சு." பார்லி கஞ்சி, இளநீர், கால் பெருவிரல் நகத்துல சுண்ணாம்புன்னு எல்லாம் பார்த்தாச்சு. நானும் அவசரமா, "யூடிஐதாம்மா, தண்ணி நிறைய குடி, போன தடவை குடுத்த மாத்திரையையே வாங்கிப் போடு"ன்னு சொல்லிட்டு வெச்சிருவேன்.

பொங்கலுக்குப் போனப்போ மஞ்சப்பையில இருந்த சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். பதினாலு மாசத்துல ஆறு சீட்டு. ஆறுலயும் யூடிஐ. யூரின் கல்ச்சர் மூணு தடவை எடுத்திருக்கு, மூணுலயும் கிருமி வளரலை. அதுல ரெண்டு, மாத்திரையை ஆரம்பிச்ச பிறகு குடுத்த சாம்பிள். ஆன்டிபயாடிக் உள்ள போன பிறகு எடுத்தா, கிருமி இருந்தாலும் வளராமப் போகலாம். அந்த ரெண்டு ரிப்போர்ட்டால எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதல் சீட்டுல ஒரு டாக்டர் அவசரத்துல எழுதின வார்த்தையை அடுத்தவர் காப்பி பண்ணியிருக்கார். அதை நான் போன்ல இன்னொரு தடவை காப்பி பண்ணியிருக்கேன். இதுவே ஆபீஸ் ஃபைலா இருந்தா, என் 39.0க்கு ஆதாரம் எங்கேன்னு டாக்டருக்குக் கேள்வி அனுப்பியிருப்பேன். அம்மாவுக்கு அனுப்பலை.

இதுல எதிர்ப்பக்கமும் இருக்கு. 'கிருமி வளரலை'ன்னா 'ஒண்ணுமில்லை'ன்னு அர்த்தம் கிடையாது. ரொம்ப காலமா, ஒரு மில்லி சிறுநீர்ல ஒரு லட்சம் கிருமி வளர்ந்தாத்தான் தொற்றுன்னு கணக்கு. அமெரிக்காவுல வால்டர் ஸ்டாம்னு ஒரு டாக்டரும் அவர் குழுவும், அந்த எண்ணிக்கை வராத, ஆனா எரிச்சல் இருக்கிற பெண்களைப் பரிசோதிச்சு 1980ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அவங்கள்ல கணிசமானவங்களுக்குக் குறைஞ்ச அளவுல கிருமி இருந்துச்சு. சிலருக்கு சாதாரண கல்ச்சர்ல வளரவே வளராத கிளமிடியா இருந்துச்சு. நம்ம நாட்டுல காசநோயையும் நினைக்கணும். சிறுநீர்ல சீழ் செல் இருந்து கிருமி மட்டும் வளரலைன்னா, அதுக்குத் தனி டெஸ்ட் வேணும். காசநோய்க் கிருமியும் சாதாரண கல்ச்சர்ல வளராது.

அதனாலதான் அந்த ஒரு வார்த்தை முக்கியம். 'யூடிஐ'ன்னு எழுதிட்டா தேடுறது நின்னுரும், மாத்திரை மட்டும் தொடரும். தேவையில்லாம போடுற ஆன்டிபயாடிக்கால கிருமிக்கு எதிர்ப்பு வளரும். நிஜமாவே தொற்று வர்ற அன்னைக்கு அந்த மாத்திரை கேட்காமப் போகலாம். 'ஒண்ணுமில்லை'ன்னு எழுதினா, வலிக்குதுன்னு சொல்ற ஆள் பொய் சொல்ற மாதிரி ஆயிரும். 'எரிச்சல், காரணம் இன்னும் தெரியலை'ன்னு எழுதினா தேடுறது தொடரும்.

அம்மாவை மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். இந்த டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, சில நாள் கழிச்சு சாம்பிள் எடுத்தார். சர்க்கரை, கல், காசநோய் ஒவ்வொண்ணா பார்த்தார். ஒண்ணும் இல்லை. ஃபைல்ல எழுதினது இதுதான்: எரிச்சல், கல்ச்சர்ல வளர்ச்சி இல்லை, காரணம் பார்க்கப்படுகிறது. கீழே, என்னென்ன இல்லைன்னு தேதியோட ஒரு பட்டியல். அப்புறம், இதுவரைக்கும் யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். மாதவிடாய் நின்னு எவ்வளவு நாளாச்சு? ஹார்மோன் குறையும்போது அந்த இடத்துத் தோல் மெலிஞ்சு வறண்டு, எரிச்சல் வர்றது உண்டு. அதுக்கு ஒரு க்ரீம் குடுத்தார். இப்போ பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. முழுசா போகலை. ஃபைலும் இன்னும் மூடலை.

உங்க வீட்டுல யாருக்காவது இப்படித் திரும்பத் திரும்ப வந்தா, ஒரு நோட்டு போடுங்க. எப்போ ஆரம்பிச்சது, என்ன மாத்திரை எந்தத் தேதியில, சாம்பிள் எடுத்தது மாத்திரைக்கு முன்னாலயா பின்னாலயா. இந்த மூணு போதும். சீட்டுல யூடிஐன்னு இருந்தா, "கல்ச்சர்ல வந்துச்சா டாக்டர்?"னு மரியாதையா கேளுங்க. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவுல வலி, சிறுநீர்ல ரத்தம் இருந்தா நோட்டெல்லாம் அப்புறம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

திரும்பி வர்றப்போ ஆரப்பாளையத்துல பஸ்ஸுக்கு நின்னோம். "என்னடி எழுதியிருக்காரு?"ன்னு அம்மா கேட்டுச்சு. "நீர்க்கடுப்புன்னு எழுதியிருக்காரும்மா. ஏன்னு இன்னும் தெரியலையாம்."

"அதைத்தானடி நான் ஒரு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்"னுச்சு.