கல்லிற் பொறித்த பெயர்கள்

(நம் சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்கள் நம் சங்கத்தார் தஞ்சைப் பெரிய கோயிலை வழிபட்டு மீண்டோம். ஏறத்தாழ 216 அடி உயர்ந்து, 13 நிலைகளோடு நிற்கும் விமானத்தைக் கண்டு வியவாதார் இலர். ஆயினும், அதன் நிழல் தரையில் விழாது என்னும் கதையை நம்பி, நம்மவரிற் பலர் நிழலையே ஆராய்ந்துகொண்டிருந்தனர். நிழல் விழத்தான் செய்கின்றது, வியத்தற்குரியது வேறு. தஞ்சையிற் கருங்கல் மலை இல்லை. கற்களையெல்லாம் தொலைவினின்று கொணர்ந்து, மேலே செல்லச் செல்ல உள்நோக்கி அடுக்கி, நடுவே வெற்றிடம் அமைய விமானத்தை எழுப்பினர்.

அதனினும் அரியவை அக்கற்களில் உள்ள எழுத்துக்கள். இக்கோயிலைக் கட்டியவன் கரிகாலன் என்றே தலபுராணம் கூறிற்று. 1886-ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டறிஞராக அமர்ந்த ஊல்சு என்பார் அவ்வெழுத்துக்களை ஆராய்ந்து வெளியிட்ட பின்னரே, கட்டியவன் முதலாம் இராசராசன் என்பது ஐயமற விளங்கிற்று. 1010-ஆம் ஆண்டில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் ஈந்தவனும் அவனே.

அவன் தான் கொடுத்தவற்றையும், தமக்கை குந்தவையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். அம்மட்டோடு நின்றானா? இல்லை. ஆடல் மகளிர் நானூற்றுவரின் பெயர்களை, அவர்கள் எவ்வெத் தளியினின்று வந்தோர் என்பதோடு பொறித்தான். பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் அங்கே உளது. தையற்காரர், நாவிதர், வண்ணார், குயவர், கன்னார் ஆகியோர்க்கு அளந்த பங்கும் உளது. குலப்பெருமை பேசக் கூடும் நாம் இதனை உன்னுதல் வேண்டும். தமக்கையின் கொடையை எழுதிய கோயிலிலேயே, உழைத்தவர் பங்கையும் அவ்வரசன் எழுதுவித்தான்.

அன்பர்களே! நம் குலக்கோயில் திருப்பணி விரைவில் தொடங்கவிருக்கின்றது. கருவறைப் புறச்சுவரிலும் அடித்தளத்திலும் பழைய எழுத்துக்கள் உள்ளன. அவற்றின்மேற் சிமிட்டி பூசிப் பளிங்கு பதிப்பது அழகென்று சிலர் கருதுகின்றனர். அவர்தம் பத்தியை நான் குறை கூறேன். ஆயினும், அவ்வெழுத்துக்கள் மறைந்தால் யார் பெயர் மறைந்தது என்பதையும் நாம் அறியோம். நம் முன்னோர் பெயராகவும் இருக்கலாம். அவர்க்குக் கல் சுமந்தவர் பெயராகவும் இருக்கலாம். இருவர்க்கும் நாம் கடன்பட்டவரே.

ஆதலின், கல்வெட்டறிந்தாரை அழைத்து மைப்படி எடுப்பித்து, எழுத்துள்ள கற்களைத் தீண்டாது திருப்பணி செய்வதென இக்கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றுமாறு வேண்டி அமைகின்றேன்.