நகராட்சி மேசைக்கு வந்த கேள்விகள்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஓய்வுபெற்ற நகராட்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



'நகர்ப்புற உள்ளாட்சி' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ரிப்பன் பிரபுவில் தொடங்கி 74-ஆவது சட்டத்திருத்தம் வரை அதை என்னைவிட நன்றாக நடத்தக்கூடியவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறீர்கள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நகராட்சியில் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் கழிந்தது. மக்கள் என் மேசைக்கு வந்து என்ன கேட்டார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த உள்ளாட்சி. அதில் உங்களுக்குத் தொடர்புள்ளதை மட்டும் பேசுகிறேன்.

நான் அதிகம் கேட்ட கேள்வி எது தெரியுமா? "சார், இதுக்கு எந்த ஆபீசுக்குப் போகணும்?" வரி அதிகம், தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பட்டாவுக்கு நகராட்சிக்கு வருவார்கள். அது வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைப்பது. ரேஷன் அட்டைக்கு வருவார்கள்; அது உணவுப் பொருள் வழங்கல் துறை. ஒரே கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்றால் நகராட்சி, கம்பி அறுந்து தொங்கினால் மின் வாரியம். பேருந்து போகும் பெரிய சாலையில் பள்ளம் என்றால் அது பல ஊர்களில் நெடுஞ்சாலைத் துறையின் சாலை. அதிலிருந்து பிரியும் சந்து நகராட்சியினுடையது. சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியின் கையிலேயே இல்லை, 1978 முதல் அதற்குத் தனி வாரியம். இதையெல்லாம் படிக்காதவருக்குத் தெரியவில்லை என்று நினைக்க வேண்டாம். வங்கி மேலாளர்கள்கூடத் தவறான வரிசையில் அரைநாள் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் உள்ளாட்சியின் பணிகள் பட்டியலாக இருக்கின்றன. எவையெல்லாம் உள்ளாட்சியின் பணி இல்லை என்ற பட்டியல் எங்கும் இல்லை.

இனி உங்களிடமிருந்து என்னிடம் வந்தவர்களைப் பற்றிப் பேசலாம்.

மே, ஜூன் மாதங்களில் என் மேசை முன் நின்றவர்களில் நிறையப் பேர் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்டவர்கள். "டீச்சர் பிறப்புச் சான்றிதழ் வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்பார்கள். குழந்தை எங்கே பிறந்தது என்று கேட்பேன். பாதி நேரம் வேறு ஊர்ப் பெயர் சொல்வார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில். அம்மா ஊர் மருத்துவமனையில் பிறந்திருக்கும். பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு, குடியிருக்கும் இடத்தில் இல்லை. மருத்துவமனையில் பிறந்தால் தகவல் கொடுக்க வேண்டிய பொறுப்பு மருத்துவமனையினுடையது. ஆகவே அந்த மருத்துவமனை எந்த உள்ளாட்சிக்குள் இருக்கிறதோ அங்கேதான் சான்றிதழ் கேட்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு இரண்டு பேருந்து மாறி வந்த அம்மாவிடம், "இங்க இல்லம்மா, உங்க அம்மா ஊருல போய்க் கேளுங்க" என்று சொல்வது எனக்குப் பிடித்த வேலை அல்ல. நீங்கள் அவரை அனுப்புவதற்கு முன் "எந்த ஆஸ்பத்திரியில பிறந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம்.

அடுத்து நான் சொல்லப் போவதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். நம் வீடுகளில் அதற்குள் பெயர் முடிவாகாது. தாத்தா பெயரா, குலதெய்வத்தின் பெயரா, எண் கணிதம் பார்த்தாயிற்றா என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் பெயர் இல்லாமலே பதிவாகிவிடும். ஆணா பெண்ணா, தேதி, தாய் தந்தை பெயர் எல்லாம் இருக்கும். குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். சட்டம் இதை அனுமதிக்கிறது. பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். 15 ஆண்டுகள் முடிந்தால் கதவு மூடிவிடும். அரசு சில முறை பழைய பதிவுகளுக்கு அவகாசம் நீட்டித்தது உண்டு. ஆனால் அடுத்த முறை எப்போது நீட்டிப்பார்கள் என்று காத்திருப்பது சரியான வழி அல்ல.

பதினைந்து வயதில் பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு முடிந்து பத்தாம் வகுப்பில் இருக்கும். பெற்றோருக்கு அந்தச் சான்றிதழின் நினைவு வருவது பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான். கல்லூரி, பாஸ்போர்ட், வெளிநாட்டு வேலை என்று வரும்போது பெட்டியிலிருந்து எடுத்துப் பார்ப்பார்கள், பெயர் இருக்காது. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் அந்தத் தாளை என் முன் நீட்டி, "இது நான்தான் சார்" என்று சொல்லியிருக்கிறார்கள். அது அவர்தான் என்று எனக்கும் தெரியும். பதிவேட்டில் எழுத எனக்கு அதிகாரம் இல்லை.

எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் வகுப்பாசிரியர்களாக இருப்பவர்கள் ஒரு நாள் வகுப்பில் எல்லோரையும் பிறப்புச் சான்றிதழ் நகல் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். யாருடையதில் பெயர் இல்லை, யாருடையதில் எழுத்து மாறியிருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெயர் சேர்க்க விண்ணப்பிக்கும்போது பெற்றோரின் உறுதிமொழியும் அடையாள ஆவணமும் வேண்டியிருக்கும். சில இடங்களில் பள்ளியில் படிப்பதற்கான சான்றும் கேட்பார்கள். கேட்டால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்க ஆள் இருப்பார்கள், 'எல்லாம் நான் பார்த்துக்கிறேன்' என்பார்கள். அவர்கள் தேவையில்லை என்பதையும் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்.

எழுத்து மாறுவது இன்னொரு தலைவலி. கீர்த்தனா என்று தமிழில் எழுதினால் ஒரே எழுத்துதான். ஆங்கிலத்தில் 'டி' மட்டும் போதுமா, அதற்குப் பின் 'எச்' உண்டா என்பதில் சான்றிதழ் ஒன்று சொல்லும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஒன்று சொல்லும், ஆதார் மூன்றாவதாக ஒன்று சொல்லும். பிறப்புப் பதிவில் எழுத்துப் பிழை இருந்தால் பதிவாளர் திருத்தலாம். மூலப் பதிவை அழிக்க மாட்டார், ஓரத்தில் குறிப்பு எழுதித் திருத்துவார். ஆனால் பள்ளிப் பதிவேட்டில் வேறு மாதிரி இருக்கிறது என்பதற்காகப் பிறப்புப் பதிவை மாற்றச் சொன்னால் அது தலைகீழ் வழி. சேர்க்கை நாளில் சான்றிதழைப் பார்த்து எழுத்து எழுத்தாக எழுதிவிட்டால் பத்தாண்டு கழித்து வரப்போகும் சிக்கல் அன்றைக்கே தீர்ந்தது. பிறந்த தேதிக்கும் இதே விதிதான். நம் தலைமுறையில் எத்தனை பேருக்கு மே மாதமும் ஜூன் மாதமும் பிறந்தநாள் வருகிறது பாருங்கள்! ஐந்து வயது நிரம்பவில்லை என்று அந்தக் காலத்துத் தலைமை ஆசிரியர் வைத்த பெயரில்லாத சோதிடம் அது. நல்லெண்ணத்தில் செய்ததுதான், இனி அது நடக்காது.

ஏன் நடக்காது என்றால், 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023-இல் திருத்தியிருக்கிறார்கள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அந்தப் பிள்ளைகள் இப்போது அங்கன்வாடி வயதில் இருக்கிறார்கள். 2029 ஜூனில் உங்கள் முதல் வகுப்பில் உட்காரப் போகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். சேர்க்கைப் பேரணி போகும்போது சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் சான்றிதழில் பெயர் ஏறிவிட்டதா என்று கேட்டுவிட்டு வாருங்கள். பதிந்தவுடன் கொடுக்கும் முதல் சான்றிதழ் இலவசம். அதிகபட்சம் ஏழு நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று இந்தத் திருத்தம் சொல்கிறது.

பிறப்பையே பதியாமல் விட்டவர்களும் உண்டு. வீட்டில் பிறந்தது, செங்கல் சூளையில் பிறந்தது, வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை என்று பல காரணங்கள். ஓராண்டு தாண்டிவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் அளவில் விசாரணை நடந்து ஆணை வந்தால்தான் பதிய முடியும். அதற்கு நாள் பிடிக்கும். அந்தப் பிள்ளையை அதுவரை வெளியே நிறுத்த வேண்டாம். வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் "சான்றிதழ் இல்லாம சேர்க்க மாட்டாங்களாம்" என்று அழுதுகொண்டு வந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

மற்ற கேள்விகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு, அதற்கு 5,000 ரூபாய் உச்சவரம்பு. வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பதால் வீடு உங்களுடையது என்று ஆகிவிடாது, அதைப் பத்திரம்தான் சொல்லும். அந்த வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு அது. ஊர் நூலகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, "இதுல உங்க வீட்டுக் காசும் இருக்கு" என்று தாராளமாகச் சொல்லலாம். குப்பையைப் பிரித்துக் கொடுக்காவிட்டால் அபராதம் போடலாமா என்றும் கேட்பார்கள். போடலாம், விதியில் இடமிருக்கிறது. தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் உங்கள் வீட்டு ஊசியையும் உடைந்த கண்ணாடியையும் துழாவுவதை ஒருமுறை பார்த்தால் அந்தக் கேள்வியே வராது என்பது என் எண்ணம்.

ஒருமுறை ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை எங்கள் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். உள்ளாட்சிப் பாடம் நடந்துகொண்டிருந்ததாம். ஆளுக்கு ஒரு கேள்வியை வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லியிருந்தார். ஒரு சிறுமி எழுந்து, "எங்க தெருவுக்கு ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி வருது. அடுத்த தெருவுக்கு காலையில வருது. அத யாரு முடிவு பண்றாங்க?" என்று கேட்டாள். பொறியாளர் அழுத்தம், மேல்நிலைத் தொட்டி, வால்வு என்று விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், முடிவு பண்றது யாரு?" என்று மறுபடி கேட்டாள். அறையில் யாரும் பேசவில்லை. அப்போது மன்றமும் இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரியில்தான் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் ஆறாம் வகுப்பு படித்த பிள்ளைகள், தாங்கள் பார்த்தே இராத மாமன்ற உறுப்பினரைப் பற்றித் தேர்வு எழுதினார்கள்.

இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபாக் கூட்டங்களும் தொடங்கியிருக்கின்றன. கிராம சபைக்கு நகரத்தில் இணையானது என்று வைத்துக்கொள்ளலாம். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் இடம். கூட்டம் எப்போது என்று பலருக்குத் தெரிவதில்லை, வருபவர்களும் குறைவு. அந்தச் சிறுமியின் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் அதுதான். பிள்ளைகளுக்கு அங்கே வாக்கு இல்லை, ஆனால் அவர்களின் பெற்றோருக்கு உண்டு. அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று வார்டு அலுவலகத்தில் கேட்டுக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிப் போடுங்கள். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிடுவார்கள்.

நேரம் ஆகிவிட்டது. பெயர் சேர்க்கை பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள். பிள்ளையின் பிறந்த ஆண்டு, மருத்துவமனை, அம்மாவின் பெயர் இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு வந்தால் எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.