தொடையிலிருந்து வந்த துணை



வைத்திய நூல் கற்றவனல்லேன், ரயில்வே குமாஸ்தா. ஆயினும் படித்து வியந்த செய்தியொன்றைக் கூற விழைகின்றேன்.

இரத்தத்தை உடலெங்கும் கொண்டுசெல்லும் தமனியின் சுவரில் கிருமி புகுந்தால் சுவர் நைந்து குமிழ்போல் புடைக்கும். 1885-இல் வில்லியம் ஆஸ்லர் என்னும் மேதை இதற்குக் காளானைக் குறிக்கும் பெயரிட்டார். பெரும்பாலும் காரணம் பாக்டீரியாவே. சால்மோனெல்லா என்னும் கிருமி முதியோரின் பெருந்தமனியைப் பற்றுவதுண்டு. காய்ச்சலும் முதுகுவலியும் காணும். குமிழ் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

கெட்ட பகுதியை வெட்டியெடுத்தபின் அவ்விடத்தில் எதை வைப்பது? செயற்கை இழைக் குழாய் வைக்கலாம். ஆனால் கிருமி அதன்மேல் படிந்து, மருந்துக்கும் அடங்காது வாழக்கூடும்.

1906-இலேயே மாட்ரிட் நகரில் கோயானெஸ் என்பவர், முழங்காலின் பின்புறத் தமனி புடைத்த நோயாளிக்கு, அருகிலிருந்த சிரையையே தமனியின் வேலைக்கு அமர்த்தினார். 1993-இல் டல்லாஸ் நகரின் கிளாகெட் குழுவினர், கிருமி பற்றிய செயற்கைக் குழாயை அகற்றி, நோயாளியின் தொடையிலுள்ள ஆழ்சிரையைப் பெருந்தமனியின் இடத்தில் தைத்த முறையை வெளியிட்டனர். கிருமி பற்றிய தமனிக்கும் இம்முறை பயன்படுகிறது.

சிரையினுள் சிறு கதவுகள் உண்டு. இரத்தத்தை ஒரே திசையில்தான் விடும். ஆகவே அதைத் தலைகீழாகத் திருப்பியோ, கதவுகளை அறுத்தோ தைப்பர். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசை வண்டியை விடலாகாதென்பது எங்கள் இலாகாவிலும் முதற்பாடம்!

குறையும் உண்டு. சத்திர சிகிச்சை பல மணி நேரம் நீளும். இரத்தம் பெருகும் அவசரத்தில் அதற்கு நேரமிராது. சிரையை இழந்த கால் சிலருக்கு வீங்கும். கிருமியை ஒழிக்கும் மருந்தும் வாரக்கணக்கில் தொடரவேண்டும். தன்னுடைய குழாயாதலால் கிருமி மீண்டும் பற்றுவது மட்டும் அரிது.