உயிர் காத்த குழாய்



நம் கெங்கவல்லிக்கு இரயில் பாதை இல்லை. ஆயினும் சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாக விருத்தாசலத்திற்கு அந்நாளில் மீட்டர் பாதையில் ஓடிய நீராவி வண்டியை நம்மில் மூத்தவர்கள் மறக்கவில்லை. இன்று அது அகலப்பாதை. கரியையும் புகையையும் கண்ட நாம், பெட்டிகளுக்கிடையே தொங்கிய இரப்பர்க் குழாயைக் கவனித்தோமா? நம் உயிர் அதில்தான் இருந்தது.

இஞ்சினின் நீராவி அக்குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும். குழாய் வெற்றிடமாக இருக்கும்வரை வண்டி ஓடும். டிரைவரோ கார்டோ காற்றை உள்ளே விட்டால், ஒவ்வொரு பெட்டியின் அடியிலுமுள்ள சிலிண்டரில் பிஸ்டன் மேலெழுந்து, பிரேக் கட்டைகளைச் சக்கரத்தோடு அழுத்தும். அபாயச் சங்கிலியை இழுத்தாலும் காற்று நுழையும். கொக்கி அறுந்து வண்டி இரண்டானால் குழாயும் கழன்று, இரு பாதிகளும் தாமே நின்றுவிடும்.

இந்த ஏற்பாடு எளிதில் வரவில்லை. 1889 ஜூன் 12-ஆம் நாள், அயர்லாந்தின் அர்மா நகருக்கருகே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் உல்லாசப் பயண வண்டி ஏற்றத்தில் நின்றுபோயிற்று. அதிலும் வெற்றிடப் பிரேக்தான். ஆனால் முறை தலைகீழ். குழாயைக் கழற்றினால் பிரேக் விட்டுவிடும். பாதி வண்டியைக் கழற்றியதும், பின்பாதியைக் கைப்பிரேக் தாங்கவில்லை. பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியில் மோதின. 80 பேர் மாண்டனர், பலர் சிறுவர். அவ்வாண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம், தானே பிடிக்கும் பிரேக்கைப் பயணி வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியது.

நாம் ஆத்தூரில் அச்சமின்றி ஏறி அமர்ந்ததற்கு, எங்கோ பிறந்த அப்பிள்ளைகள் முன்பே விலை கொடுத்துவிட்டார்கள். அவர்களை நன்றியோடு நினைப்போம்.