குளத்தில் தண்ணீர் இருக்கிறது, கரையில் ஆள் இல்லை

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

கல்வி உதவித்தொகை பற்றிப் பேசுவதாக அறிவித்திருந்தோம். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறேன். போன வியாழக்கிழமை அஸர் தொழுகை முடிந்து அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது நம் நீச்சல் அணிப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்தார்கள். அவர்களில் மூத்தவன், பதிமூன்று வயது, ஆட்டோ ஓட்டுபவர் மகன், "மாமா, நாங்க இந்த வருசம் மாவட்டப் போட்டிக்குப் போறோமா, இல்லையா? இல்லைன்னா சொல்லிடுங்க, அத்தா டியூஷன்ல சேத்துடுவாங்க" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த அணி எப்படி உருவானது என்று புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தெரியாது. ஆறு வருடத்துக்கு முன் மேட்டூர் அணை திறந்து ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த வாரத்தில், நம் முஹல்லாப் பிள்ளைகள் இரண்டு பேர் மணல் அள்ளிய பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள். இரண்டு மய்யித்தையும் குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். நீரில் மூழ்கி இறந்தவருக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டு என்று அன்று பெற்றோருக்கு ஆறுதல் சொன்னோம். ஹதீஸில் உள்ளதுதான். ஆனால் அந்த ஆறுதலைச் சொன்ன வாயால், நீந்தக் கற்றுக்கொடுக்கச் சொன்னோமா என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் பெயரால் ஒரு கூற்று சொல்லப்படுகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஆலிம்களிடையே பேச்சு உண்டு. மதரஸாவில் ஓதியவன் என்பதால் அதை மறைக்க மாட்டேன். கருத்தில் யாருக்கும் மறுப்பு இருக்காது.

அடுத்த கோடையிலேயே விளையாட்டரங்க நீச்சல் குளத்தில் இருபது பிள்ளைகளைச் சேர்த்தோம். கற்றுக்கொண்டவர்களில் வேகமானவர்கள் தனியாகத் தெரிந்தார்கள். பயிற்சியாளர் அவர்களை அணியாக்கினார். காலை ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பதால் பையன்கள் சுபுஹு ஜமாஅத்தையும் விடாமல் வந்தார்கள். அது நாம் திட்டமிடாத பரக்கத்.

இப்போது நிலைமை என்ன? கரையில் மூன்று உயிர்காப்பாளர்கள் இருந்தார்கள். ஒருவர் ஷார்ஜாவில் ஒரு ஓட்டலுக்குப் போய்விட்டார். இன்னொருவர் தீம் பார்க்கில் சேர்ந்துவிட்டார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒப்பந்தக்காரர் கொடுத்த சம்பளம், பிரியாணிக் கடையில் மேசை துடைக்கும் பையன் வாங்குவதைவிடக் குறைவு. பம்ப் ஆபரேட்டர் ஓய்வு பெற்றதும் அந்த இடமும் காலி. குளோரினும் ஃபில்டரும் தினமும் பார்த்து நடத்த வேண்டியவை. மே மாதம் பத்து நாள் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது.

ஒரே ஆள் இருந்தால் எந்த நேரத்தை முதலில் வெட்டுவார்கள்? கட்டணம் கட்டி வரும் பொதுமக்கள் நேரத்தை வெட்ட மாட்டார்கள். நீந்தத் தெரியாத சிறுவர் வகுப்பில் ஆள் நிற்காமல் முடியாது. மிஞ்சுவது அணியின் காலை நேரம்தான். வாரத்தில் ஆறு நாள் இருந்தது இரண்டு நாளாகிவிட்டது. அந்த இரண்டு நாளில் ஒன்று அவருடைய வார விடுமுறையோடு மோதினால் அதுவும் இல்லை. நீச்சல் மற்ற விளையாட்டுகள் மாதிரி இல்லை. மைதானம் பூட்டியிருந்தால் தெருவில் ஓடலாம், தண்ணீருக்கு வெளியே நீந்த முடியாது. கை தண்ணீரைப் பிடிக்கும் பிடியைச் சில வாரத்திலேயே மறந்துவிடும். அந்தப் பையன் ஐம்பது மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் ஒரு வருடம் பாடுபட்டுக் குறைத்த மூன்று வினாடியும் மறுபடி ஏறிவிட்டது என்று நோட்டைக் காட்டினான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆட்டோக்காரர் வீட்டில் அந்த மூன்று வினாடி என்ன விலை என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஒரு காலை, உயிர்காப்பாளர் வரவில்லை. பயிற்சியாளர் இருக்கிறார், பிள்ளைகள் எல்லாரும் நீந்தத் தெரிந்தவர்கள், திறந்துவிடுங்கள் என்று குளத்து மேற்பார்வையாளரிடம் வாதாடினேன். அவர் மறுத்தார். குரலை உயர்த்தினேன். நமக்குத் தெரிந்த ஒரு பிரமுகரின் பெயரையும் சொன்னேன். "பாய், நீங்க யார்ட்ட வேணாலும் சொல்லுங்க, ஆள் இல்லாம பூட்டைத் திறக்க மாட்டேன்" என்றார். கோபத்தோடு திரும்பினேன்.

பிறகுதான் இந்தத் தொழிலைப் பற்றி விசாரித்தேன். உயிர்காப்பாளர் தன் பகுதியைப் பத்து வினாடிக்குள் முழுவதும் கண்ணால் சுற்றிப் பார்க்க வேண்டும், ஆபத்தில் இருப்பவரை அடுத்த இருபது வினாடிக்குள் அடைய வேண்டும் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். மூழ்குகிறவர் சினிமாவில் வருவது மாதிரி கையை ஆட்டிக் கத்த மாட்டார். மூச்சுக்கே வாய் போதாதபோது கத்துவது எங்கே? பெரும்பாலும் சத்தமில்லாமல், ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுவார். ஸ்டாப்வாட்சையும் பிள்ளைகளின் கால் உதைப்பையும் பார்க்கும் பயிற்சியாளரால் அதைப் பார்க்க முடியாது. நன்றாக நீந்தும் பிள்ளைக்கும் தசைப்பிடிப்பு வரும், வலிப்பு வரும். அந்த மேற்பார்வையாளர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ கொடுத்து அனுப்பினார்.

பையன்களைவிடப் பெண் பிள்ளைகள் பாடுதான் மோசம். பெண்களுக்கென்று வாரம் மூன்று நாள், பெண் உயிர்காப்பாளரோடு தனி நேரம் இருந்தது. அந்தச் சகோதரி திருமணமாகி வெளியூர் போன பிறகு அந்த இடம் நிரப்பப்படவில்லை, பெண்கள் நேரமே நின்றுவிட்டது. நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் ஆறு பேர் அணியில் இருந்தார்கள். பையன்கள் இரண்டு நாளாவது நீந்துகிறார்கள். இவர்கள் ஒரு நாளும் இல்லை. ஆண்கள் இருக்கும் நேரத்தில் அனுப்பச் சொல்லி எந்தப் பெற்றோரையும் நான் கேட்க மாட்டேன். எனவே அவர்களுக்கு ஒரே ஒரு ஆள் குறைந்தது முழுக் குளமும் மூடியதற்குச் சமம்.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. கொரோனா காலத்தில் பயிற்சி வகுப்புகள் நின்றுபோனதால், 2022 கோடையில் அமெரிக்காவில் உயிர்காப்பாளர் பஞ்சம் வந்தது. பொதுக் குளங்களில் மூன்றில் ஒரு பங்கு பாதிக்கப்படலாம் என்று அங்குள்ள உயிர்காப்பாளர் சங்கமே சொன்னது. நியூயார்க் நகரம் வெளிக்குளங்களில் நீச்சல் வகுப்புகளை ரத்து செய்தது. பிறகு அந்த நகரம் தொடக்க ஊதியத்தை உயர்த்த வேண்டி வந்தது. அத்தனை பணம் உள்ள நாட்டிலும் முதலில் வெட்டப்பட்டது கற்றுக்கொள்பவர் நேரம்தான் என்பதைக் கவனியுங்கள்.

நிர்வாகக் குழு இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறது. காலி இடங்களை நிரப்பவும் சம்பளத்தை உயர்த்தவும் கேட்டு மனு கொடுக்கிறோம். மற்ற சமூகத்துப் பெற்றோரும் கையெழுத்துப் போடுகிறார்கள், அணியில் பாதி அவர்கள் பிள்ளைகள்தான். ஆனால் மனுவை மட்டும் நம்பி உட்கார முடியாது. நம் இளைஞர்கள் இரண்டு பேரையும் சகோதரிகள் இரண்டு பேரையும் உயிர்காப்பாளர் பயிற்சிக்கு அனுப்பப்போகிறோம். புனேயில் ராஷ்ட்ரிய லைஃப் சேவிங் சொசைட்டி, கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் ஆகியவை இத்தகைய பயிற்சி தருகின்றன. கட்டணம், தேதி எல்லாம் எழுதிக் கேட்டிருக்கிறோம். சகோதரிகளுடன் மஹ்ரம் ஒருவர் போய்வரும் செலவும் நம்முடையது.

ஜகாத் நிதியில் இதைச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டார். பயிற்சி பெறுபவர் ஜகாத் வாங்கத் தகுதியானவராக இருந்தால் அந்தத் தொகையை அவர் கையில் உரிமையாகக் கொடுக்கலாம். அது தவிர மனுச் செலவு, பயணச் செலவு எதையும் ஜகாத்தில் தொட மாட்டோம். அதெல்லாம் ஸதக்கா கணக்கில்தான். இதற்காகத் தனி ரசீதுப் புத்தகம் போட்டிருக்கிறது.

வெளிநாட்டு வேலைக்கு இது ஒரு வழி என்று நினைத்து யாராவது வந்தால் தடுக்க மாட்டோம். இரண்டு வருடம் நம் குளத்தில் நின்றுவிட்டுப் போகட்டும் என்று எழுதி வாங்கிக்கொள்வோம்.

இதற்கிடையில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. குளம் பூட்டியிருக்கும் காலையில் பையன்கள் மூன்று பேர் துண்டோடு படித்துறைப் பக்கம் போனதை நம் முஅத்தின் பார்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நீந்தத் தெரிந்த தைரியம்தான் அவர்களை அங்கே கொண்டுபோகிறது. அந்தப் பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது.

பயிற்சிக்குப் பெயர் கொடுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை இஷாவுக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். ஆதார் நகலும் மருத்துவச் சான்றும் போதும். சகோதரிகள் பெயரை என் வீட்டில் கொடுக்கலாம். வஸ்ஸலாம்.