சென்சஸ் கணக்கை ஒப்பிடுவது எப்படி?

(பெருநகரில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சென்சஸ் என்னும் ஜனத்தொகைக் கணக்காகும். 2021-ல் எடுத்திருக்க வேண்டிய இந்தக் கணக்கு கொரோனா காரணமாகத் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச்சு 1-ந் தேதியைக் கணக்கு நாளாகக் கொண்டு அது எடுக்கப்படுமென்று 2025 ஜூனில் சர்க்கார் அறிவித்தார்கள். புதுக் கணக்கு வெளிவந்ததும் பழைய கணக்கை அதன் பக்கத்தில் வைத்து, "இது ஏறிற்று, அது இறங்கிற்று" என்று பத்திரிகைகளும் மேடைகளும் முழங்கத்தான் போகின்றன.

தோழர்களே! சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்றால் நாம் அப்படியே நம்பிவிடுவதில்லை. யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று கேட்கிறோம். சர்க்கார் புஸ்தகத்தில் எண்ணாக அச்சடித்திருக்கிறது என்றால் மாத்திரம் வாயை மூடிக்கொள்ளலாமா? கூடாது. இரண்டு காலத்துக் கணக்குகளை ஒப்பிடுமுன் நாலு கேள்விகள் கேட்டாக வேண்டும். எந்த எல்லைக்குள் எண்ணினார்கள்? யாரை எண்ணினார்கள்? எந்தக் காலத்துக்கு எண்ணினார்கள்? என்ன கேள்வி கேட்டு எண்ணினார்கள்?

முதலில் எல்லையைப் பார்ப்போம். 2011 கணக்கில் காஞ்சிபுரம் ஜில்லாவின் ஜனத்தொகை 39 லட்சத்து 98 ஆயிரத்துச் சொச்சம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி ஜில்லாவாகப் பிரிந்தது. நமது உத்திரமேரூர் தாலூகா காஞ்சிபுரத்தோடேயே நின்றது. இப்படி மிஞ்சிய பகுதியில் 2011-ல் இருந்தவர்கள் 12 லட்சத்துக்குச் சற்றுக் குறைவுதான். நாளைக்கு ஒருவர் 2027-ன் எண்ணைப் பழைய 40 லட்சத்தோடு ஒப்பிட்டாரானால், கொள்ளை நோய் வந்து பாதி ஜில்லாவைக் கொண்டுபோய்விட்டதென்று ஒப்பாரி வைக்க வேண்டியதுதான். 1997-க்கு முந்திய கணக்கென்றால் திருவள்ளூர்ப் பக்கமும் நம்மோடு சேர்ந்திருந்தது. ஆதலால், பழைய எண்ணை இன்றைய எல்லைக்குத் திருத்தி, சென்சஸ் இலாகாவே வெளியிடும் பட்டியலைக் கொண்டுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, யாரை எண்ணினார்கள் என்பது. 1981-ல் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100-க்கு எத்தனை பேர் என்று கேட்டால் 36 என்றும், 41 என்றும், 43½ என்றும் மூன்று விடைகள் கிடைக்கும். மூன்றும் மெய்யே. கைக்குழந்தை உள்பட எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 36. 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மாத்திரம் எடுத்தால் 41. 7 வயது முதல் எடுத்தால் 43½. முன்னாளில் 5 வயதுக் கணக்கு. 1991 முதல் 7 வயதுக் கணக்கு. 1991-ல் வந்த எண் 52. 41-லிருந்து 52 என்றால் 11 புள்ளி ஏற்றம். 43½-லிருந்து என்றால் 8½ தான். இந்த 2½ புள்ளி எந்தப் பள்ளிக்கூடத்திலும் சம்பாதித்ததல்ல. வயதை மாற்றியதால் வந்தது!

மூன்றாவது, காலம். இது வீடு வீடாக எண்ணுவதில் அல்லாமல், சில ஊர்களையும் வீடுகளையும் பொறுக்கியெடுத்து மதிப்பிடும் மாதிரிக் கணக்கில் வருவது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான்; ஆனால் பிரசவத்தில் தாய் இறப்பது போன்ற அரிதான காரியத்துக்கு ஒரு வருஷத்து மாதிரி போதாது. எனவே மூன்று மூன்று வருஷங்களைச் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு இறந்த தாய்மார்கள் 2017-19-ல் 58, 2018-20-ல் 54. ஒரே வருஷத்தில் 4 குறைந்தது என்று சொல்லிவிடலாமா? 2018-ம், 2019-ம் இரண்டு பக்கத்திலும் இருக்கின்றனவே! கழிந்தது 2017, சேர்ந்தது 2020, அவ்வளவுதான். ஒன்றின்மேல் ஒன்று படியாத காலங்களை எடுக்க வேண்டும். 2015-17-ல் 63, 2018-20-ல் 54. இது ஒப்பீடு. அதுவும் மாதிரி மதிப்பீடானதால் கொஞ்சம் முன்பின் இருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

நாலாவதுதான் மிக முக்கியம், அதாவது கேள்வி. 1931 கணக்கில் ஜாதிகள் 4,147. 2011-ல் எடுத்த ஜாதிக் கணக்கில் வந்து விழுந்த பெயர்களோ 46 லட்சம்! 80 வருஷத்தில் பிரம்மா இத்தனை லட்சம் ஜாதிகளைப் புதிதாகப் படைத்துவிட்டாரா? இல்லை. பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காமல், ஜாதி, உட்பிரிவு, கோத்திரம், குடும்பப் பெயர் என்று யார் எதைச் சொன்னாலும், எந்த எழுத்தில் சொன்னாலும், தனித்தனியாக எழுதிக்கொண்டதன் பலன் அது.

இதைவிடக் கொடுமை பெண்களுக்கு நடந்தது. 1961 கணக்கில் இந்தியாவில் வேலை செய்யும் பெண்கள் ஏறக்குறைய 6 கோடி. 1971-ல் 3 கோடிச் சொச்சம். 10 வருஷத்தில் பாதிப் பெண்கள் வேலையை விட்டுவிட்டார்களா? நடவு நின்றதா, களை பறிப்பது நின்றதா? ஒன்றும் நிற்கவில்லை. 1961-ல், பருவ வேலையில் பருவத்தின் பெரும்பகுதி நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தாலே தொழிலாளி. 1971-ல் "உன் முக்கியமான வேலை என்ன?" என்று கேட்டார்கள். வீட்டு வேலை என்று பதில் வந்தது. உடனே அவள் வேலை செய்யாதவர் பட்டியலுக்குப் போய்விட்டாள். கேள்வி மாறிற்று, உழைப்பு மாறவில்லை. பிறகு 1981-ல் 183 நாள் என்று ஒரு வரம்பு வைத்து, அதற்குக் குறைந்தவர்களையும் தனியே எண்ணினார்கள். 1991-ல்தான் கூலியில்லாமல் சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் செய்யும் வேலையும் சேரும் என்று கேள்வியிலேயே எழுதினார்கள். இவ்வளவையும் பாராமல், "பெண்கள் வேலைக்குப் போவது குறைந்தது, பிறகு கூடிற்று" என்று ஒருவர் பேசினால் அது வெறும் வாய்ப்பேச்சேயாகும்.

தாய்மார்களே! காஞ்சிபுரத்தில் புருஷன் தறியில் உட்காருகிறான். தார் சுற்றிக் கொடுப்பது யார்? இங்கே சேற்றில் இறங்கி நாற்று நடுவது யார்? கணக்கெடுப்பவர் வாசலுக்கு வந்து, "வீட்டு அம்மாள் என்ன செய்கிறார்?" என்று கேட்டால், ஆண்பிள்ளை திண்ணையிலிருந்தபடியே, "சும்மாதான் இருக்கிறாள்" என்று சொல்லிவிடுகிறான். அந்த ஒரு சொல்தான் டில்லிக்குப் போய்ப் புள்ளி விவரமாகத் திரும்பி வருகிறது. பெண்களுக்கு உழைப்பில்லை என்று அதைக் காட்டியே பங்கும் கூலியும் மறுக்கிறார்கள்.

ஆகையால் நான் கேட்டுக்கொள்வது இரண்டு காரியங்கள். கணக்கெடுப்பவர் வரும்போது பெண்களைப் பற்றிய விடையைப் பெண்களே சொல்லுங்கள்; வயலில், தறியில், மாட்டுக் கொட்டகையில் செய்வதையெல்லாம் விடாமல் சொல்லுங்கள். கணக்கு வெளிவந்த பின், ஏறிற்று இறங்கிற்று என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும்கூட, அந்த நாலு கேள்விகளையும் கேளுங்கள். விடை சரியாயிருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள் என்று கூறி என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.