கேமரா வாடகைக்கு, மைக் சொந்தமாக

பெரிய தயாரிப்பு நிறுவனங்களின் துணையின்றி, தம் சேமிப்பையும் நண்பர்களின் உதவியையும் நம்பிப் படமெடுக்க முனையும் சுயாதீனப் படைப்பாளர்கள், கையிலிருக்கும் தொகையில் பெரும்பகுதியைக் கேமரா வாங்குவதிலேயே செலவழித்துவிட்டு, ஒலிப்பதிவுக்கும் விளக்குக்கும் மெமரி கார்டுக்கும் பணமின்றித் திணறுவது பரவலாகக் காணப்படும் நிலை. செலவின் வரிசை இங்கே தலைகீழாகிவிடுகிறது. ஒரு கருவியை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று முடிவு செய்ய நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு; அந்தக் கருவி எத்தனை ஆண்டுகளில் பழையதாகும் என்பதே அந்த அளவுகோல். விரைவில் காலாவதியாகும் கருவியை வாடகைக்கு எடுத்து, நெடுங்காலம் உழைக்கும் கருவிக்கே சொந்தப் பணத்தைப் போடுவதுதான் சிறு முதலீட்டுக்குப் பொருந்தும் வழி. இப்படிப் பார்த்தால், லென்ஸ் நீங்கலான கேமரா, அதாவது தொழிலில் ‘பாடி’ என்று அழைக்கப்படும் பகுதி, வாங்க வேண்டியவற்றின் பட்டியலில் கடைசி இடத்துக்குப் போய்விடுகிறது.

கேனான் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 5டி மார்க் 2 கேமராவின் வரலாறு இதற்குத் தக்க சான்று. லென்ஸ் வழியே வரும் ஒளியை மின்குறிகையாக மாற்றும் சில்லுக்குச் சென்சார் என்று பெயர்; 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட, ‘முழுப் பிரேம்’ எனப்படும் பெரிய சென்சாரில் முழு எச்டி வீடியோவைப் பதிவு செய்த முதல் டிஎஸ்எல்ஆர் வகை ஸ்டில் கேமரா அதுவே. முகம் துலங்கப் பின்னணி மங்கும் காட்சிகளை, அதுவரை பெரும்பாலும் விலையுயர்ந்த சினிமா கேமராக்களில் மட்டுமே கிடைத்தவற்றை, அது மாணவர்களின் கைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் நொடிக்கு 30 பிரேம் தவிர வேறு வேகம் அதில் இல்லை. 24, 25 பிரேம்கள் 2010-இல்தான் மென்பொருள் மேம்பாட்டின் வழியே சேர்க்கப்பட்டன. ஏறத்தாழ 12 நிமிடத்தில் ஷாட் தானாக நின்றும் போகும். இத்தனை குறைகளுக்கிடையிலும் அவ்வகை ஸ்டில் கேமராக்கள் திரையரங்கு வரை சென்றன. 2012-இல் பாலாஜி சக்திவேல் இயக்கத்திலும் எஸ்.டி. விஜய் மில்டன் ஒளிப்பதிவிலும் வெளிவந்த ‘வழக்கு எண் 18/9’ அத்தகைய ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டு, தமிழின் சிறந்த படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. அந்தத் தலைமுறைக் கேமரா பாடிகளை இன்று புதிய படமொன்றுக்கு வாடகைக்குக் கேட்பார் அரிது. ஆனால் அவற்றில் மாட்டப்பட்ட லென்ஸ்களின் கதை வேறு. கேனானின் இஎஃப் வகை லென்ஸ் பொருத்தும் முறை 1987-இல் அறிமுகமானது. அந்த லென்ஸ்கள் இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் அடாப்டர் என்னும் இடைவளையத்தின் துணையோடும், பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே போன்ற சினிமா கேமராக்களில் நேரடியாகவும் பொருந்தி, தொய்வின்றி வேலை செய்கின்றன.

ஆகவே, லென்ஸுக்குப் போடும் பணம் நின்று பயன் தரும். முதல் படத்துக்கு 35, 50, 85 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள மூன்று பிரைம் லென்ஸ்கள், அதாவது ஜூம் வசதியற்ற நிலையான லென்ஸ்கள், பெரும்பாலும் போதுமானவை. பழைய சந்தையில் இவை நியாயமான விலைக்குக் கிடைக்கும். வாங்குமுன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: சென்சாரின் அளவு குறையக் குறைய அதே லென்ஸ் காட்டும் பரப்பும் சுருங்கும். முழுப் பிரேம் சென்சாரில் இயல்பான பார்வை தரும் 50 மில்லிமீட்டர் லென்ஸ், அதைவிடச் சிறிய சூப்பர் 35 அளவுள்ள சென்சாரில் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் போலவும், இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் 100 மில்லிமீட்டர் போலவும் நடந்துகொள்ளும். ஒண்டுக்குடித்தன வீட்டின் பத்தடி அறைக்குள் இருவர் பேசும் காட்சியை 100 மில்லிமீட்டர் பார்வையில் எடுக்க, ஒளிப்பதிவாளர் சுவரைத் தாண்டித்தான் நிற்க வேண்டியிருக்கும்.

பழைய லென்ஸை வாங்கும்போது, இரு மூடிகளையும் கழற்றிவிட்டு, ஒளி புகும் துளையான அபர்ச்சரை முழுமையாகத் திறந்து, ஒரு முனையிலிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சி மறுமுனை வழியாகச் சாய்வாகப் பார்ப்பது அவசியம். சிலந்தி நூல் போன்ற வெண்கோடுகள் தென்பட்டால் அது பூஞ்சை. கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்திருந்தால் எந்தச் சுத்தம் செய்தாலும் பழைய தெளிவு திரும்பாது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரப்பதம் பூஞ்சைக்கு உகந்தது என்பதால், லென்ஸை அது வந்த தோல் பையிலேயே பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடும் ஈரமானியோடும் வைத்து, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் காத்துவருவது நல்லது.

வாடகைக்கு எடுக்கும் பாடியைத் தேர்வதில், 4கே, 6கே, 8கே என்று விளம்பரங்கள் முழங்கும் எண்களைவிட வண்ண ஆழம் முக்கியமானது. 8 பிட் பதிவில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளும், 10 பிட் பதிவில் 1024 படிநிலைகளும் உள்ளன. அந்தி வானத்தின் நிறம் மெல்ல மாறிச் செல்லும் காட்சியை 8 பிட்டில் எடுத்து, பின்னர் வண்ணச் சீரமைப்பின்போது சற்றே அழுத்தினால், வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். வெளிச்சத்தின் உச்சத்தையும் நிழலின் அடியையும் ஒருசேரச் சேமிப்பதற்காகப் படத்தை வெளிறிய தோற்றத்தில் பதியும் ‘லாக்’ முறையைப் பயன்படுத்துவோர்க்கு 10 பிட் கட்டாயம் என்றே கொள்ளலாம். இதை நடுத்தர விலைக் கேமராக்களே இப்போது தருகின்றன. 2023-இல் வெளிவந்த ‘தி கிரியேட்டர்’ என்ற ஹாலிவுட் படத்தை, கோடிக்கணக்கான டாலர் செலவிருந்தும், இயக்குநர் காரெத் எட்வர்ட்ஸ் சோனி எஃப்எக்ஸ்3 என்னும் கைக்கடக்கமான கேமராவில் எடுத்தார். அந்தச் செலவு கேமராவில் அல்லாமல் ஏனையவற்றில்தான் இருந்தது.

தமிழ்நாட்டு வெயிலில் வெளிப்புறக் காட்சி எடுப்போர் மறக்கக் கூடாத கருவி, லென்ஸுக்கு முன் மாட்டப்படும் என்டி ஃபில்டர் என்னும் சாம்பல்நிறக் கண்ணாடி. அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தோன்ற, நொடிக்கு 24 அல்லது 25 பிரேம் எடுக்கும்போது ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமும் ஒளியை வாங்கும் நேரம், நொடியில் 50-இல் ஒரு பங்காக இருப்பது மரபு. லாக் முறையில் பல கேமராக்களின் ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 800-இலிருந்தே தொடங்குகிறது. உச்சி வெயிலில் இவ்விரண்டையும் மாற்றாமல் எஃப் 4 அபர்ச்சரில் எடுக்க வேண்டுமெனில், வரும் ஒளியை எட்டுப் படி, அதாவது 256-இல் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும். ஃபில்டர் இல்லாதவர்கள் ஷட்டரை 2000-இல் ஒரு பங்குக்கு மேல் ஏற்றிவிடுவதால், நடந்துவரும் மனிதரின் கையும் காலும் வெட்டி வெட்டி நகர்வதுபோல் திரையில் தெரிகின்றன. திருகித் திருகி அடர்த்தியை மாற்றும் வகை ஃபில்டர் வசதியானதே. எனினும் மலிவானவற்றை அகலக் கோண லென்ஸில் முழு அடர்த்திக்குத் திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போன்ற கரிய நிழல் விழும்.

உட்புறக் காட்சிகளிலும் ஷட்டரின் அளவு கவனத்துக்குரியது. இந்திய மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டதாதலால், சாதாரணக் குழல்விளக்கும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகின்றன. கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. ஆனால் ஷட்டர் 60-இல் ஒரு பங்கில் இருந்தால், சென்சாரில் மேலிருந்து கீழாக ஓடும் மங்கல் பட்டைகளாக அது பதிவாகிவிடும். வாடகைக் கடையிலிருந்து வரும் கேமரா, முந்தைய வாடிக்கையாளர் வைத்த அமைப்பிலேயே இருக்கக்கூடும். முதல் ஷாட்டுக்கு முன் ஷட்டரை 50-இல் அல்லது 100-இல் ஒரு பங்காக மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. சிறிய கேமராத் திரையில் தெரியாத பட்டை, எடிட்டிங் அறையில்தான் வெளிப்படும்; அதற்குள் நடிகர்கள் ஊர் திரும்பியிருப்பார்கள்.

இனி ஒலி. சுயாதீனப் படங்களில் மிகுந்த புறக்கணிப்புக்கு உள்ளாவது இதுவே; பணம் முதலில் சேர வேண்டிய இடமும் இதுவே. படம் சற்று மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்கிறார், வசனம் புரியாவிட்டால் எழுந்து போய்விடுகிறார். ஐஃபோன் 5எஸ் கைபேசியில் எடுக்கப்பட்டு 2015-இல் வெளிவந்த ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’ படத்தைக் குறிப்பிடுவோர், அதன் ஒலி கைபேசியில் பதியப்படவில்லை, தனி மைக்குகளைக் கொண்டு தொழில்முறையில் பதியப்பட்டது என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். தமிழில் டப்பிங் மரபு வலுவானது. ஆயினும் முதன்முறை நடிக்கும் ஊர்மக்களைக் கொண்டு படமெடுப்பவருக்கு, அவர்கள் வயல்வரப்பில் நின்று பேசியதைப் பின்னர் குளிர்சாதன அறையின் மைக் முன்னால் அதே உயிர்ப்போடு பேச வைப்பது மிகக் கடினம். டப்பிங் அரங்கின் வாடகையும் அவர்களை மீண்டும் அழைத்துவரும் செலவும் சேர்ந்தால், படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதியும் ‘சிங்க் சவுண்ட்’ முறை பல நேரங்களில் சிக்கனமாகவும் அமையும்.

நல்ல ஷாட்கன் மைக், அதாவது முன்னிருந்து வரும் ஒலியை முதன்மையாக ஏற்கும் நீள்குழல் மைக், பூம் என்னும் நீண்ட கோல், காற்றுத்தடுப்பு உறை, தனி ரெக்கார்டர், காதை முழுமையாக மூடும் ஹெட்ஃபோன் ஆகியவை பத்தாண்டுகளுக்கு மேலும் உழைக்கக்கூடியவை; எனவே இவற்றைச் சொந்தமாக வாங்குவதே முறை. திறந்தவெளியில் மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தொலைவு பாதியானால் குரலின் வலிமை நான்கு மடங்காகிறது. ஆதலால் கேமராவின் தலையில் மாட்டிய விலையுயர்ந்த மைக்கைவிட, பிரேமின் விளிம்புக்குச் சற்று மேலே நீட்டிப் பிடித்த நடுத்தர மைக் தெளிவான குரலைத் தரும். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் இருக்க, குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபெல் அளவைத் தொட்டால், திடீர்க் கூச்சலுக்கும் இடமிருக்கும். ஆடைக்குள் மறைத்து வைக்கும் காலர் மைக், பருத்திச் சேலையில் அமைதியாக இருக்கும். பட்டிலும் பாலியெஸ்டரிலும் சரசரக்கும். ஆகையால் உடை தேர்வு செய்யும் நாளிலேயே ஒலிப்பதிவாளரும் உடனிருப்பது நல்லது. வீட்டுக்குள் படமெடுக்கும்போது மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணைக்க வேண்டியிருக்கும். அனுபவமுள்ள ஒலிப்பதிவாளர்கள் ஃபிரிட்ஜை அணைத்த கையோடு தம் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது வழக்கம். சாவியின்றிக் கிளம்ப முடியாது என்பதால், படப்பிடிப்பு முடிந்ததும் அதை மீண்டும் இயக்க மறப்பதில்லை, வீட்டுக்காரரின் பாலும் மாவும் கெடுவதுமில்லை. காட்சி முடிந்தபின், அனைவரும் அசையாமல் நிற்க, அந்த இடத்தின் வெற்று ஒலியை அரை நிமிடம் பதிந்துகொண்டால், வசனங்களுக்கு இடையிலான வெட்டுகளை எடிட்டர் அதைக்கொண்டு நிரப்பிவிடுவார்.

ட்ரைபாடும் வாங்க வேண்டிய பொருளே. ஸ்டில் கேமராவுக்கான இலேசான முக்காலியைத் தவிர்த்து, எண்ணெய்த் தடையால் சீராகத் திரும்பும் ஃபுளூயிட் ஹெட் உள்ளதைத் தேர்ந்தெடுத்தால் போதும். விளக்குகளைப் பொறுத்தவரை, நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 95-க்குக் குறையாத எல்இடி ஒன்றும், தமிழ்ப் படப்பிடிப்புத் தளங்களில் என்றும் காணப்படும் தெர்மாகோல் பலகைகள் இரண்டும், ஒளியை மென்மையாக்கும் ஸ்கிம்மர் துணியும் சிறு குழுவுக்குப் போதுமானவை.

பதிவு செய்ததைக் காப்பது தனி வேலை. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் கேமரா, ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி இடத்தை எடுத்துக்கொள்ளும். 400 மெகாபிட் ஆனால் 180 ஜிபி. 90 நிமிடப் படத்துக்கு அதன் பத்து மடங்கு, அதாவது 15 மணி நேரம் பதிவாகுமெனில், குறைந்த வேகத்திலேயே 675 ஜிபி தேவை. மூன்று பிரதிகள் என்றால் 2 டெராபைட்டைத் தாண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் கேமராவின் உச்ச வேகத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள், மூன்றாம் நாளே கார்டை அழித்து அழித்துப் பயன்படுத்தும் நிலைக்கு வருகிறார்கள். குறைந்தது இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் பிரதி எடுத்து, கோப்புகளைத் திறந்து பார்த்த பின்னரே கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும். அந்த டிஸ்குகள் ஒரே பையில் பயணம் செய்யக் கூடாது.

வாடகைக் கேமராவைப் படப்பிடிப்பு நாளின் விடியற்காலையில் பெறுவதைவிட, முந்தைய நாளே கடைக்குச் சென்று சோதிப்பது பாதுகாப்பானது. அபர்ச்சரை எஃப் 16-க்கு மூடி, வெள்ளைச் சுவரைக் குவியமின்றிப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், சென்சாரில் ஒட்டிய தூசி கரும்புள்ளியாகத் தெரியும். மின்விசிறி இல்லாத சிறிய பாடிகள் வெயிலில் சூடேறி நின்றுவிடக்கூடுமாதலால், இடைவிடாமல் அரை மணி நேரம் 4கே பதிவு செய்து பார்ப்பதும், பேட்டரிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் தாங்குகின்றன என்று குறித்துக்கொள்வதும் உதவும். கேமராவோடு உதவியாளர் வருவாரா, அவருக்கான பேட்டா வாடகையில் அடங்குமா, கால்ஷீட் எத்தனை மணிக்கு முடிகிறது என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொண்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

வாடகைப் பாடியால் விளையும் உண்மையான இடர் ஒன்று உண்டு. எடிட்டிங்கில் விடுபட்ட ஷாட்களை எடுக்கும் பேட்ச் வொர்க் சில மாதங்கள் கழித்து வரும்போது, அதே கேமரா கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆதலால் ஒவ்வொரு காட்சிக்கும் கேமராவின் பெயர், லாக் வகை, ஐஎஸ்ஓ, ஷட்டர், கெல்வின் அளவில் குறிக்கப்படும் வண்ண வெப்பநிலை, லென்ஸ், ஃபில்டரின் அடர்த்தி, கேமராவின் உயரம் ஆகியவற்றை உதவி இயக்குநர் ஒருவர் நோட்டில் அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். வண்ண அட்டை ஒன்றை ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் சில நொடிகள் பிடித்துக் காட்டிப் பதிந்துகொண்டால், வேறொரு பாடியில் பின்னர் எடுத்த ஷாட்டையும் வண்ணச் சீரமைப்பாளர் முன்னதோடு பொருத்திவிட முடியும்.